எடை நகராத நாட்களில் கூட வந்தவள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரம் கடற்கரையில் இது நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. கூடுவாஞ்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். செங்கல்பட்டில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறேன். கணவர் பல வருடங்களாக மஸ்கட்டில். ஒரே மகன் அதற்கு முந்தின வருடம்தான் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிருந்தான்.

அவன் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். குக்கரை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன். ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க ஒரு சின்னக் கிண்ணம் போதும். டி.வி. யாருக்காக ஓடுகிறது என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில்தான் முட்டி வலிக்காக டாக்டரைப் பார்க்கப் போனேன். பிரஷரும் இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, கொஞ்சம் எடையைக் குறைத்தால் முட்டிக்கும் நல்லது, பிரஷருக்கும் நல்லது என்றார். எனக்கு அது ஒரு வேலை கிடைத்த மாதிரி இருந்தது. மகனுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்த காலை நேரம் முழுக்கச் சும்மா கிடந்ததே, அந்த நேரத்தில் நடக்க ஆரம்பித்தேன். சர்க்கரையை விட்டேன். சோற்றைக் குறைத்தேன். எடை பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி பெட்ரூம் மூலையில் வைத்தேன்.

ஆரம்பத்தில் நன்றாகவே குறைந்தது. சில மாதங்களில் பதினோரு கிலோ. ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகி, பிரித்துத் தைக்கக் கொடுத்தேன். ரயிலில் பழகின முகங்கள் கூட, "என்னங்க, ஆளே மாறிட்டீங்க" என்றார்கள். காலையில் மெஷின் மேல் நின்று, அந்த எண்ணைப் போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்புவேன். அவர் அங்கே டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்திலும் கட்டை விரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவார். ஒரு நாளில் எங்கள் இருவருக்கும் நடுவில் நிச்சயமாக நடக்கிற பேச்சு அது ஒன்றுதான்.

பிறகு ஒரு நாள் அந்த எண் நின்றுவிட்டது.

முதலில் நான் கவலைப்படவில்லை. மெஷினைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், பேட்டரி மாற்றிப் பார்த்தேன். வாரங்கள் போயின. அதே நடை, அதே அளவுச் சாப்பாடு, அதே எண். ஒரு நாள் கால் கிலோ குறையும், மறுநாள் அரை கிலோ கூடி நிற்கும். கணவருக்கு எதை அனுப்புவது? ஒரே போட்டோவைத் திரும்பத் திரும்ப அனுப்புகிற மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினாய் என்று அவரும் கேட்கவில்லை.

ஆனால் மற்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்ட கையோடு ஆளுக்கு ஒரு யோசனையும் சொன்னார்கள். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அம்மா, "சோத்தை சுத்தமா நிறுத்துங்க, மூணு முட்டை சாப்பிடுங்க, கறி சாப்பிடுங்க" என்றார். ரயிலில் கூட வரும் ஒருவர், முட்டையும் கறியும் ஆகவே ஆகாது, கேழ்வரகுக் கஞ்சிதான் மருந்து என்றார். எதிர்வீட்டுப் பெண் மதியம் வரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது என்றாள். ஜிம்மில் விசாரித்தபோது அங்கிருந்த தம்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சாப்பிடாவிட்டால் உடம்பு கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று பயமுறுத்தினான். என் தம்பி மனைவி ஓசூரிலிருந்து போனில், "இந்த வயசுல அப்படித்தான் அண்ணி, விட்டுடுங்க" என்றாள். எல்லாவற்றிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான்.

ஒவ்வொன்றையும் செய்து பார்த்தேன். சோற்றை விட்டேன். பிறகு கறியை விட்டுக் கஞ்சிக்கு வந்தேன். பிறகு கஞ்சியையும் விட்டுப் பட்டினி கிடந்தேன். அலுவலகத்தில் மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். என் டப்பாவைத் திறந்ததும் அது ஒரு விசாரணை ஆகிவிடும். "இதுல எண்ணெய் இருக்கே", "இதைப் போய் யார் சாப்பிடச் சொன்னது" என்பார்கள். நாளாக நாளாக நான் பழைய ஃபைல்கள் அடுக்கின அறைக்குள் போய் நின்றபடி நாலு வெள்ளரித் துண்டைத் தின்றுவிட்டு வர ஆரம்பித்தேன். உறவில் ஒரு கல்யாணம், மதுராந்தகத்தில். முகூர்த்தம் முடிந்ததும் பந்திக்குப் போகாமல் நைசாக வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். யாரும் என்னைத் தேடவில்லை. அது அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு நிம்மதியாக இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் யாரோ ஒருவர், உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும், எடை நகராததற்கு அதுதான் காரணம், உப்பை நிறுத்திப் பாருங்கள் என்றார். அதே சமயம் செல்போனில் பார்த்த ஒரு வீடியோவில், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்று சொன்னார்கள். இரண்டும் எளிதாக இருந்தன. இரண்டையும் சேர்த்தே செய்தேன். உப்பில்லாமல் வேகவைத்த காய், கையில் எப்போதும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். உண்மையிலேயே இரண்டு கிலோ இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அதுவும் நின்றுவிட்டது. தலை லேசாக வலிக்கும், நடக்கும்போது கால் துணி மாதிரி துவளும். பசி என்று நினைத்துக்கொண்டேன்.

கடற்கரை மணலில் நடந்தால் சாதாரண நடையைப் போல இரண்டு மடங்கு பலன் என்று அடுத்த யோசனை வந்தது. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ். திருக்கழுக்குன்றத்தில் மலை இறங்கி வந்த கூட்டம் பூவும் விபூதியுமாக ஏறியது. குடும்பம் குடும்பமாக. என் பக்கத்து சீட்டில் ஒரு அம்மா உட்கார்ந்து, நான் தனியாகத்தான் வருகிறேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவருக்கும் கேட்க எதுவும் இருக்கவில்லை.

மாமல்லபுரத்தில் கோயில் பக்கம் கூட்டமாக இருந்தது. அதைத் தாண்டி, சவுக்குத் தோப்பு ஓரமாக மணல் காலியாகக் கிடக்கும் இடத்துக்குப் போனேன். தோப்பு நிழலில் ஒரு குடும்பம் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசின ஒரு குழந்தை, சுற்றி ஏழெட்டுப் பேர், நடுவில் எவர்சில்வர் வாளி. நான் கடந்து போகும்போது அவர்களில் ஒரு பெண், என்னைவிடச் சில வயது சின்னவளாக இருக்கலாம், கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"யக்கா, இப்டி வா. வெயில்ல இன்னாத்துக்கு நடந்துகினு கீற? குந்து. ரெண்டு வாய் துன்னுட்டுப் போ. புளிசோறுதான்."

"இல்லைங்க, நான் சோறு சாப்பிடறதில்ல."

"சோறு துன்றதில்லியா?" அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அப்ப இன்னாதான் துன்ற?"

சிரித்து வைத்துவிட்டு நடந்தேன். புளிசாதத்தின் வாசனை கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அலை ஓரமாக நடந்தேன். கொஞ்ச நேரத்தில் தலைவலி அதிகமானது. தலை வலித்தால் தண்ணீர் போதவில்லை என்று அந்த வீடியோவில் சொன்னார்களே என்று, பாட்டிலை முழுக்கக் குடித்தேன். பையிலிருந்த இன்னொன்றையும் குடித்தேன். குமட்டியது. திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். திரும்பவும் செய்தேன். ஆனால் பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று ஞாபகம் வரவில்லை. எத்தனையோ தடவை வந்த ஊர். கோயில் கோபுரம் தெரிகிறது, ஆனால் அது எனக்கு வலது பக்கம் இருக்க வேண்டுமா, இடது பக்கமா? அதை யோசித்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் போகிறோம் என்கிற நினைவில்லாமலேயே நடக்க ஆரம்பித்திருக்கிறேன். முட்டி வரை தண்ணீர் இருந்ததை, ஈரம் சில்லென்று உறைத்த பிறகுதான் பார்த்தேன். கையில் வைத்திருந்த செருப்பு எப்போதோ போய்விட்டிருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

"யக்கா! ஏ யக்கா! இன்னா பண்ற நீ? வா இப்டி! வா சொல்றேன்!"

புளிசாதத்துக்குக் கூப்பிட்ட அதே பெண். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நாக்கு புரளவில்லை. அதே நேரம் கால் மடிந்தது. ஒரு அலை வந்து இரண்டு பேரையும் சாய்த்தது. வாய் நிறைய மணலும் உப்புத் தண்ணீரும். என் துப்பட்டா கழுத்தைச் சுற்றி இழுக்க, அலை திரும்பும்போது நானும் கூடவே போவது தெரிந்தது. பயப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அவள்தான் பயந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். கத்திக்கொண்டே என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தோப்பிலிருந்து அவள் ஆட்கள் ஓடிவந்து இருவரையும் கரைக்கு இழுத்துப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது பாதி எனக்கு ஞாபகம் இல்லை, அவள் சொல்லித்தான் தெரியும். கரையில் படுக்க வைத்ததும் வாந்தி எடுத்தேன். பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆட்டோவில் போட்டு அங்கேயே ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்துவிட்டு, உடனே செங்கல்பட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள். கூட ஒருவர் ஏற வேண்டும். அவள் வீட்டுக்காரர் தயங்கினாராம். ஊருக்குத் திரும்ப வேன் காத்திருக்கிறது, குழந்தைகள் பசியோடு இருக்கின்றன, யாரோ எவரோ, நமக்கு எதற்கு வம்பு என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்களாம்.

"நீங்க வேன எட்த்துகினு போங்க. நான் பஸ்ஸ புட்ச்சி வந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஈரப் புடவையோடு ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு நினைவு தெளியத் தொடங்கியபோது முதலில் காதில் விழுந்தது நர்ஸின் குரல்தான்.

"கூட வந்தது யாரு?"

"நான்தான்."

"நீங்க என்ன உறவு?"

"எங்க அக்கா."

"சரி, அவங்க பேரு?"

அவள் என் காதருகில் குனிந்து ரகசியமாகக் கேட்டாள்: "யக்கா, உம் பேரு இன்னா?"

நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பெயரைச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் அதைத் திருப்பிச் சத்தமாக, தனக்கு முன்பே தெரிந்த பெயர் மாதிரி நர்ஸிடம் சொன்னாள்.

"வீட்ல யாருக்காவது சொல்லணுமா? நம்பர் சொல்லுங்க" என்றார் நர்ஸ். என் போன் பையில்தான் இருந்தது. பை கரையிலேயே நழுவிக் கிடந்ததால் நனையவில்லை; அவள் அதையும் எடுத்து வந்திருந்தாள். போனைக் கையில் வாங்கிப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கணவர் மஸ்கட்டில். மகனுக்குப் பரீட்சை நேரம். தம்பி ஓசூரில். ரயில் சிநேகிதர் பெயர் இருந்தது, எதிர்வீட்டுப் பெண், ஜிம் தம்பி, நடைப்பயிற்சிக் குழு, எடைக் குறைப்புக் குழு என்று ஒன்றுக்கு இரண்டாகக் குழுக்கள் இருந்தன. இவ்வளவு பேரில், 'ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், வா' என்று யாரைக் கூப்பிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று கடலில் தோன்றாத பயம் அந்தக் கட்டிலில் தோன்றியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்ன வயதுதான், ஆனால் குரலில் கண்டிப்பு இருந்தது.

"உங்களுக்கு உப்புச் சத்து ரொம்ப இறங்கிப் போச்சும்மா. இன்னும் கொஞ்சம் தாமதமா வந்திருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும். சாப்பாட்டுல உப்பே இல்லையா?"

"நிறுத்திட்டேன் டாக்டர்."

"யார் சொன்னது?"

"ஒருத்தர் சொன்னாங்க."

"தண்ணி நிறையக் குடிக்கிறீங்களா?"

"ஆமா."

"அது யார் சொன்னது?"

"அது வேற ஒருத்தர்."

டாக்டர் என் பிரஷர் மாத்திரையைப் பார்த்தார். அது உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றுகிற வகை மாத்திரையாம். அதைச் சாப்பிட்டுக்கொண்டு உப்பையும் நிறுத்தி, தண்ணீரையும் அளவில்லாமல் குடித்தால் இப்படித்தான் ஆகும் என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "அந்த ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உங்களையும் அவங்களுக்கு அவ்வளவா தெரியாது போலிருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

உப்பு நீரை நரம்பு வழியாக மெதுவாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினாலும் ஆபத்தாம். அதனால் நெடுநேரம் அப்படியே படுத்திருந்தேன். அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். புடவை உடம்பிலேயே காய்ந்து, தலைமயிரில் மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுநடுவே அவள் வீட்டிலிருந்து போன் வந்தது. "ஆங், கீது. நல்லாத்தான் கீது. இன்னும் யாரும் வர்ல. வந்ததும் வரேன்" என்று பதில் சொல்லி வைப்பாள். மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வீடு என்றும், விவசாயக் குடும்பம் என்றும், அன்றைக்குத் தன் நாத்தனார் பேரனுக்குத் திருக்கழுக்குன்றத்தில் மொட்டை என்றும் நான் கேட்காமலே சொன்னாள். பிறகு ஸ்டூலை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். சும்மா இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"யக்கா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?"

"கேளுங்க."

"வூட்ல இன்னா பிரச்சன? எத்துக்கு அப்டிப் பண்ண?"

எனக்குப் புரியவில்லை. எப்படிப் பண்ணினேன் என்று கேட்டேன்.

"ஒத்தையா வந்த. கூப்ட்டா சோறு வேணாம்ன. மூஞ்சில ஒரு களையே இல்ல. அப்றம் பாத்தா கடலப் பாத்து நின்னுகினே கீற, நின்னுகினே கீற. எனக்கு அப்பவே பக்குன்னு ஆய்ச்சு. எங்க ஊட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அந்த அக்கா இன்னாவோ முடிவு பண்ட்டுதான் வந்துகீதுன்னு. அவரு, சும்மா கெட, காத்து வாங்க வந்திருப்பாங்கன்னாரு. எனக்கு மனசு கேக்கல. உம் மேலயே கண்ண வச்சினு இருந்தேன். நீ தண்ணில எறங்கினியா, நான் எயுந்து ஓடியாந்தேன்."

அப்போதுதான் புரிந்தது. நான் உயிரை விடப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க. நான் எடை குறைக்க நடந்தேன். மணல்ல நடந்தா சீக்கிரம் குறையும்னு சொன்னாங்க."

"இன்னாது?"

"எடை. ரொம்ப நாளா குறையாம அப்படியே நிக்குது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தாள். "இத்துக்கா! அடக் கடவுளே, இத்துக்கா நான் தண்ணில வுயுந்து, ஊட்டுக்காரர்கிட்ட பேச்சு வாங்கி..." அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஊசி குத்தின கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எவ்வளவோ மாதங்களுக்குப் பிறகு இன்னொரு ஆளோடு சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அது அழுகையாக மாறிவிட்டது. நிறுத்த முடியவில்லை.

சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அது சத்தியம். ஆனால் தோப்பு நிழலிலிருந்து பார்த்த ஒரு பெண்ணுக்கு, என் நடையும் முகமும் யாருமில்லாத ஒருத்தியின் நடையும் முகமுமாகத் தெரிந்திருக்கிறது. அவள் அதில் தப்புப் பண்ணவில்லை. தினமும் காலையில் நான் பேசிக்கொண்டிருந்தது ஒரு மெஷினோடுதான். அந்த எண் நின்ற அன்றைக்கு எனக்கு வந்த துக்கம், எடையைப் பற்றிய துக்கம் மட்டும் இல்லை என்பது அந்தக் கட்டிலில் படுத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் காலைப் பிடித்துவிட்டாள். "அய்வாத யக்கா. டாக்டரு வந்து என்னயத் திட்டப் போறாங்க. இந்த ஊர்ல உனக்கு ஒருத்தர் கூடவா இல்ல? யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். கணக்குப் பார்க்கும் அம்மாவின் வீடு செங்கல்பட்டில்தான். அவருடைய முட்டை யோசனைக்குப் பயந்து பல வாரங்களாக மதிய நேரத்தில் அவர் கண்ணில் படாமல் இருந்தேன். தயங்கித் தயங்கி அவரைக் கூப்பிட்டேன். விஷயத்தைப் பாதி சொல்வதற்குள், "எந்த வார்டு?" என்று கேட்டார்.

வெளிச்சம் மங்குவதற்குள் வந்துவிட்டார். தலைக்குக் குளித்து ஈரம் காயாத கொண்டை, கையில் ஒரு பை, அதில் போர்வை, மாற்றுடை, ஃபிளாஸ்க். வந்ததும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நர்ஸிடம் விசாரித்தார். பிறகுதான் ஸ்டூலில் இருந்தவளைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார்.

"தங்கச்சி" என்றேன்.

கிளம்பும் நேரம் வந்தது. நன்றி என்று சொன்னால் அது மிகச் சின்னதாக இருக்கும் போல இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தன் நம்பரை என் போனில் தானே போட்டு, தனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"யக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. எங்க ஓர்ப்படி, கொயுந்தன் பொண்டாட்டி, இப்டித்தான் குண்டா இருந்தா. கொள்ளு கஞ்சி துன்னா பாரு, அப்டியே எளச்சிட்டா. நீயும் கொள்ளு துன்னு."

கணக்கு அம்மா உடனே, "கொள்ளு சூடு, இவங்களுக்கு ஆகாது" என்றார். இரண்டு பேரும் என் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கொள்ளைப் பற்றி வாதம் பண்ணிக்கொண்டார்கள். நான் நடுவில் படுத்தபடி இருவர் முகத்தையும் பார்த்தேன். இத்தனை நாளாக எனக்கு எரிச்சலைத் தந்த பேச்சுதான் அது. ஆனால் அன்றைக்கு வேறு மாதிரி கேட்டது. இவர்கள் யாருக்கும் உணவைப் பற்றி முழுதாகத் தெரியாது. என்மேல் அக்கறை காட்ட அவர்களுக்குத் தெரிந்த பேச்சு அதுதான். நான் கஞ்சியையும் முட்டையையும் எடுத்துக்கொண்டு, கூட வந்த அக்கறையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். முன்பு யோசனை சொன்னவர்களும் கஞ்சியைச் சொன்னார்களே தவிர, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மறந்துவிட்டார்கள்.

கணக்கு அம்மா அன்று என்னோடு தங்கினார். ஃபிளாஸ்கிலிருந்து ரசம் ஊற்றிக் கொடுக்கும்போது, "ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கும் ஒரு வருஷமா எடை அப்படியேதான் நிக்குது. வீட்ல ராத்திரி சோறுதான் சாப்பிடறேன். உங்ககிட்டதான் பெரிசா சொன்னேன்" என்றார்.

மறுநாள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, கூட யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டார். பிறகு, "நீ போட்டோ அனுப்பறத நிறுத்தினப்பவே கேக்கணும்னு நினைச்சேன். குறையலன்னு வருத்தத்துல இருப்ப, கேட்டா இன்னும் கஷ்டப்படுவன்னு விட்டுட்டேன்" என்றார். நானோ அவருக்கு அலுத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இப்போது நாங்கள் எண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. என்ன சமைத்தேன், அங்கே மெஸ்ஸில் என்ன போட்டார்கள், மகன் போன் பண்ணினானா என்று பேசுகிறோம். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. ஆனால் தினமும் பேசுகிறோம்.

மாத்திரையை மாற்றினார்கள். அதே டாக்டர், ஒரு உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். நிறைய எடை இறங்கிய உடம்பு ஒரு கட்டத்தில் இப்படி நிற்பது சகஜம்தான், அதற்காக அதைத் தண்டிக்காதீர்கள் என்றார் அந்த ஆலோசகர். அளவாகச் சோறும் உப்பும் என் தட்டுக்குத் திரும்பி வந்தன. எடை பிறகு கொஞ்சம் இறங்கியது, நான் ஆசைப்பட்ட அளவுக்கு இறங்கவில்லை. முட்டி பரவாயில்லை. தனிமை போய்விட்டதா என்றால், அதுவும் முழுக்கப் போகவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு மிகவும் அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் மதியம் வட்டத்தில்தான் உட்காருகிறேன். அந்த வருடம் ஆடி மாதம் மதுராந்தகத்துக்காரியின் கிராமத்தில் கூழ் ஊற்றியபோது கட்டாயம் வர வேண்டும் என்று கூப்பிட்டாள். போனேன். அவள் வீட்டுக்காரர், அன்று கரையில் பார்த்த முகம் அடையாளம் தெரியாமல், "கடல்ல இர்ந்து புட்ச்சாந்த அக்கா இவங்கதானா?" என்று கேட்டுவிட்டு, எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் சாகப் போகிறேன் என்று அவள் நினைத்தது தப்பு. ஆனாலும் ரயில் நிலையத்திலோ பஸ்ஸிலோ தனியாக வாடிப்போய் நிற்கும் யாரையாவது பார்க்கும்போது அவள் நினைவு வரும். சரியாகத் தெரிந்துகொண்டுதான் பக்கத்தில் போக வேண்டும் என்று அவள் அன்று தோப்பு நிழலிலேயே உட்கார்ந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? அதனால் நானும் எழுந்து போய் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன்.